கடையில் ஒரு நிமிடம், ஓசூர் சாலையில் ஓராண்டு

எலெக்ட்ரானிக் சிட்டியில் சாலைப் பந்தய வகை மிதிவண்டி வாங்க முற்படும் ஆய்வு மாணவர்களுக்கு மூத்தோர் தரும் அறிவுரை ஒன்றே: "கிளாரிஸ் வேண்டாம், சோரா போதாது, இன்னும் இரண்டு மாத உதவித்தொகையைச் சேர்த்து 105 வாங்கிவிடு." இதை நான் மறுக்கிறேன். அளவீட்டு முறையைப் பற்றி நாள்தோறும் வாதிடும் நாம், இங்கே மட்டும் விலைப்பட்டியலையே ஆய்வு முடிவாக ஏற்றுக்கொள்கிறோம்.

புதிய 105-இன் கியர் மாற்றம் மென்மையானது, எடையும் குறைவு, பந்தயத்தில் ஓட்டுபவருக்கு அது தகுந்த தேர்வு. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் கியர் மாற்றத்தின் நயம், கடை வாசலில் ஒரு நிமிடம் ஓட்டி அறியும் பண்பு அன்று. காலத்தோடு தேயும் பண்பு.

8 கியர் கொண்ட கிளாரிஸில் அடுத்தடுத்த பல்சக்கரங்களின் இடைவெளி சுமார் 4.8 மில்லிமீட்டர். 11 கியர் அமைப்பில் சுமார் 3.7; இன்றைய 12 கியரில் அதனினும் குறைவு. நெரிசலான நிறுத்துமிடத்தில் வண்டி சரிந்து, பின்கியரைத் தாங்கும் கொக்கி சற்றே வளைந்தால், முன்னது பொறுத்துக்கொள்ளும். பின்னது கியர் தாவும். சங்கிலியும் அப்படியே. 10 கியர் வரை 0.75 விழுக்காடு நீண்டதும் மாற்றலாம். 11-க்கு மேல் 0.5 விழுக்காட்டிலேயே மாற்றுவது வழக்கம். லாரிப் புழுதியும் மழைச் சேறும் நிறைந்த ஓசூர் சாலையில் இந்த வேறுபாடு சிறியதன்று. மின்னணு கியர் கேபிள் தொல்லையை நீக்கும். சங்கிலியையும் பற்களையும் தேய்மானத்திலிருந்து காக்காது.

விலை ஏறினால் உறுதியும் ஏறும் என்போர், 2023 செப்டம்பரை நினைவுகூரட்டும். 2012 முதல் 2019 வரை தயாரான 11 கியர் அல்டெக்ரா, டூரா-ஏஸ் கிராங்குகளில் ஒட்டுப்பகுதி பிரியும் குறை இருந்ததால், ஷிமானோ அவற்றைச் சோதனைக்கு அழைத்தது. வட அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 7,60,000. அவை மலிவுப் பொருள்கள் அல்ல; அந்நிறுவனத்தின் உச்ச வரிசைகள். அதே நிறுவனம்தான் பற்களைத் தடிமனாக்கி, எடையைவிட ஆயுளை முன்னிறுத்தி, க்யூஸ் வரிசையைக் கொண்டுவந்தது.

ஆகவே தம்பி தங்கைகளே, சோரா வாங்குங்கள். மிஞ்சும் பணத்தில் சங்கிலித் தேய்மானம் காட்டும் அளவுகோல் ஒன்றும் மாற்றுச் சங்கிலிகள் இரண்டும் வாங்கி வையுங்கள். அறிவுரை சொல்லும் மூத்தோரிடம் ஒன்று கேளுங்கள்: "எத்தனை கிலோமீட்டர் ஓடிய பின், எத்தனை மழை நனைந்த பின் ஒப்பிட்டீர்கள்?" விடை இல்லையெனில் அது ஒப்பீடு அன்று; விளம்பரம்.