பூனைக்கு என்னவெல்லாம் வாங்கணும்? முதல்ல கூடை, அப்புறம் மத்தது

முன்குறிப்பு: நான் கால்நடை டாக்டர் இல்லை. ஒரு பூனையைத் தொலைச்ச ஆள். அந்தத் தகுதியில மட்டும் பேசறேன்.

போன ஞாயித்துக்கிழமை எங்க அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல, என் ஸ்கூட்டருக்கு அடியிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கிட்டு வந்து நின்னா என் பொண்ணு. உள்ளங்கை சைஸ். சாம்பல் கலர்ல கறுப்பு வரி. உடம்பு இத்தனூண்டு, சத்தம் மட்டும் மூணு மாடிக்குக் கேக்குது. தங்கமணி என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. 'இன்னொண்ணா?'ன்னு கேக்கற பார்வை. அதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு, வர்றேன்.

சாயங்காலமே மூணு பேரும் பெட் ஷாப்புக்குக் கிளம்பிட்டோம். கடைக்காரத் தம்பி நல்ல மாதிரி. "புதுக்குட்டியா சார்? எல்லாம் சேர்த்து ஒரே செட்டா இருக்கு"ன்னு எடுத்து வெச்சார். பஞ்சு மெத்தை, மணி வெச்ச காலர், நுனியில இறகு கட்டின குச்சி, ஷாம்பூ, மீன் படம் போட்ட கிண்ணம் ரெண்டு, உருட்டினா கீச் கீச்னு கத்தற பந்து. மொத்தம் 2,900 ரூபாய். என் பொண்ணு கண்ணு ரெண்டும் பெருசாயிடுச்சு.

நான் மேல் தட்டைக் காட்டி, "தம்பி, அந்தக் கூடையை எடுங்க"ன்னேன். தூசி படிஞ்சு கிடந்த பிளாஸ்டிக் கேரியர்.

"அது எதுக்கு சார் இப்ப? ஆஸ்பத்திரி போறப்ப வந்து வாங்கிக்கலாம்."

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவே.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2021-ல எங்க வீட்ல சுப்புன்னு ஒரு பூனை இருந்துச்சு. அதுக்கு மெத்தை இருந்துச்சு, 1,100 ரூபாய். சுத்திச் சுத்தித் தண்ணி கொட்டற ஊத்து மெஷின் இருந்துச்சு, 1,600 ரூபாய். (சுப்பு குடிச்சதென்னவோ பாத்ரூம் பக்கெட்லதான்.) பால்கனிக்கு வலை அடிக்க ஒருத்தர் வந்து அளந்து பார்த்துட்டு 2,400 கேட்டார். "ரெண்டாயிரத்துக்கு முடிச்சுக் குடுங்க"ன்னேன், படியலை. அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். கூடை வாங்கணும்னு தோணவே இல்லை. ஊசி போட டாக்டரே வீட்டுக்கு வந்துட்டுப் போனார்.

ஆகஸ்ட் மாசம், ஒரு சனிக்கிழமை காலையில. பால்கனிக் கம்பியில ஒரு புறா வந்து உக்காந்துச்சு. அவ்வளவுதான். மூணாவது மாடி.

கீழ ஓடிப்போய்ப் பார்த்தா குரோட்டன்ஸ் செடிக்குப் பக்கத்துல கிடக்குது. உயிர் இருக்கு. வாயில லேசா ரத்தம், பின்னங்காலை இழுக்குது, மூச்சு மட்டும் வேக வேகமா. எதுல வெச்சுத் தூக்கிட்டுப் போறது? கையில கிடைச்சது ஏதோ கல்யாணத்துல குடுத்த கட்டைப்பை. அதுல துண்டு போட்டு வெச்சு, ஆட்டோ புடிச்சு, மடியில அணைச்சு உக்காந்துக்கிட்டேன். "சார், பையை நல்லா புடிச்சுக்கோங்க"ன்னு டிரைவர் அண்ணன் ரெண்டு தடவை சொன்னார். புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

சிக்னல்ல நிக்கறப்ப பின்னாடி வந்த பஸ் ஹாரன் அடிச்சான். அடுத்த நொடி பை காலி. கால் உடைஞ்ச பூனை இப்படி ஓடும்னு யாராவது சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். வண்டிகளுக்கு நடுவுல பூந்து, நிறுத்தியிருந்த லாரிக்கு அடியில போய், பாதி கட்டின ஒரு கட்டடத்துக்குள்ள மறைஞ்சுடுச்சு. பதினோரு நாள் தேடினோம். காலையில ஆபீஸ் போறதுக்கு முன்னாடி, ராத்திரி வந்தப்புறம். கருவாட்டைச் சுட்டு எடுத்துக்கிட்டு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு. கிடைக்கலை. அப்ப என் பொண்ணுக்கு எட்டு வயசு.

அப்புறம் ராத்திரியெல்லாம் தூக்கம் வராம எதையெதையோ படிச்சுக்கிட்டிருந்தேன். அதுல ஒண்ணு, நியூயார்க்ல 1987-ல வெளிவந்த ஆய்வு. அஞ்சு மாசத்துல, உசரத்திலிருந்து விழுந்த 132 பூனைகள் ஒரே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கு. சிகிச்சை குடுத்ததுல கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்பது பிழைச்சிருக்கு. 'பூனை எங்க விழுந்தாலும் காலூன்றி நிக்கும்'னு இதைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க. ஆனா அந்தக் கணக்கு முழுக்க ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ச் சேர்ந்த பூனைங்களோடது. எங்க சுப்பு போய்ச் சேரவே இல்லை.

அதனால என் கட்சி இதுதான்: பூனைக்கு லிஸ்ட் போடறப்ப நல்ல நாளை நினைச்சுப் போடாதீங்க, கெட்ட நாளை நினைச்சுப் போடுங்க. நல்ல நாள்ல பூனைக்கு ஒரு காலி அட்டைப்பெட்டி போதும். கெட்ட நாள்ல எது கையில இருக்கணுமோ அதுக்குத்தான் முதல் ரூபாய்.

அந்தக் கணக்குல என் வரிசை:

1. கூடை. கெட்டியான பிளாஸ்டிக். உள்ள பூனை எழுந்து நின்னு ஒரு சுத்து திரும்பற அளவு இருக்கணும். வளர்ந்தப்புறம் என்ன சைஸ் இருக்கும்னு யோசிச்சு வாங்குங்க. மேல் பாதி தனியாக் கழர்ற மாதிரி கிடைச்சா நல்லது. டாக்டர் பூனையை வெளிய இழுக்காம உள்ள வெச்சே பார்க்கலாம். முக்கியமா, வாங்கிப் பரண்ல போடாதீங்க. கதவைத் திறந்து ஹால்லயே வெச்சிருங்க. உள்ள பழைய துணி போட்டு, எப்பவாவது ரெண்டு துண்டு கோழியும் போட்டு வைங்க. கூடையைப் பார்த்தாலே ஊசின்னு அதுக்குப் புரிஞ்சுட்டா, அவசரத்துக்கு நீங்க கட்டிலுக்கு அடியில தவழணும்.

2. வலை. பால்கனி, ஜன்னல் ரெண்டுக்கும். புறாவுக்கு அடிக்கற மெல்லிசு நைலான் வலையைப் பல பூனைங்க கடிச்சே ஓட்டை போட்டுடும். கம்பி வலையோ, கெட்டியான வலையோ போடுங்க. கொசுவலை ஸ்டிக்கரை நம்பவே நம்பாதீங்க, சாஞ்சு உக்காந்தா பிச்சுக்கிட்டு வந்துடும்.

3. மண் தட்டு. 1947-ல அமெரிக்காவுல மிச்சிகன்ல எட்வர்ட் லோன்னு ஒருத்தர், பூனைக்காக மணல் கேட்டு வந்த பக்கத்து வீட்டம்மாவுக்குக் களிமண் துகளைக் குடுத்துப் பார்த்தார். இன்னைக்குக் கடையில விக்கற லிட்டர் வியாபாரம் அங்க ஆரம்பிச்சதுதான். தண்ணி பட்டாக் கட்டியாகற வகையை ரொம்பச் சின்னக் குட்டிக்கு வேணாம், வாயில போட்டுக்கும். கிழிச்ச பேப்பரோ மரத்தூள் உருண்டையோ போதும். தட்டு பெருசா இருக்கட்டும், சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல வேணாம். ஒரு பூனைன்னா ரெண்டு தட்டு, ரெண்டுன்னா மூணு. தினமும் அள்ளிடுங்க. பூனைக் கழிவுல டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருந்தாலும், அது தொத்தற நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். கர்ப்பமா இருக்கறவங்க அந்த வேலையை வீட்டுக்காரர்கிட்ட தள்ளிவிட இதைவிட நல்ல காரணம் கிடைக்காது :-)

4. சாப்பாடு, தண்ணி. "எங்க வீட்டுப் பூனை தயிர்சாதம்தான் சாப்பிடும்"னு பெருமையாச் சொல்றவங்களைப் பார்த்திருக்கேன். பசிச்சா சாப்பிடும்தான். ஆனா பூனை மாமிசத்துல வாழற பிராணி. டாரின்னு ஒரு சத்து, அதைத் தேவையான அளவுக்கு அதோட உடம்பால தயாரிச்சுக்க முடியாது. அது குறைஞ்சா கண் பார்வை போகும்னு 1975-ல கண்டுபிடிச்சாங்க. இதயமும் வீங்கிப் பலவீனமாகும்னு 1987-ல. அதனால, பூனைக்குன்னே தயாரிச்ச முழு உணவு ஒண்ணாவது தினசரி இருக்கட்டும். மேல வேகவெச்ச கோழியோ, முள் எடுத்த மீனோ. வெங்காயம், பூண்டு போட்ட குழம்புச் சோறு கூடாது. பாலும் வேணாம், வளர்ந்த பூனைங்க பலதுக்கு வயித்தால போகும். தண்ணிக்கு அகலமான எவர்சில்வர் கிண்ணம் போதும், ஊத்து மெஷினை நான் 1,600 ரூபாய் குடுத்துப் பரிசோதிச்சாச்சு.

5. பிறாண்ட ஒரு கட்டை. பூனை முழு உடம்பையும் நீட்டிப் பிறாண்டற உசரம் வேணும், ஆடாம நிக்கணும். கடையில விக்கற ஒரு அடி பொம்மைக் கட்டை ரெண்டே நாள்ல சாஞ்சுடும். ஒரு மரக்கட்டையில தேங்காய் நார்க் கயித்தை நெருக்கமாச் சுத்தி, கனமான பலகையில அடிச்சுட்டா முடிஞ்சது. இல்லேன்னா உங்க சோபாதான் கட்டை.

6. டாக்டருக்குன்னு எடுத்து வைக்கற காசு. இது எந்தக் கடையிலயும் விக்காது. 8 வாரம் வாக்கில முதல் தடுப்பூசி, மூணு நாலு வாரத்துக்கு ஒருதரம் மறுபடி, 16 வாரம் வரைக்கும். ரேபிஸ் ஊசி மூணு மாசத்துல. நடுவுல பூச்சி மருந்து. பொட்டைக்குட்டி ஆறு மாசத்துக்குள்ளயே சினையாகிடலாம், அதனால கருத்தடையைத் தள்ளிப் போடாதீங்க. பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி ராத்திரி திறந்திருக்கும்னு இப்பவே விசாரிச்சு, நம்பரை ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வைங்க. அவசரத்துல நம்ம மாத்திரையைக் குடுக்கவே கூடாது. ஒரே ஒரு பாராசிட்டமால் போதும் ஒரு பூனையைக் கொல்ல. நாய்க்கு உண்ணிக்காக ஊத்தற பெர்மெத்ரின் மருந்தும் அப்படித்தான்.

இவ்வளவுதான். மெத்தை? உங்க தலகாணி இருக்கறப்ப அது எதுக்கு? ஷாம்பூ? அது நாள் முழுக்கத் தன்னைத் தானே நக்கிக் குளிச்சுக்குது. காலர் கட்டியே ஆகணும்னா, எங்கயாவது மாட்டி இழுத்தா தானாக் கழண்டுக்கற வகை மட்டும்.

"ஊர்ல எங்க பாட்டி பத்து பூனை வளர்த்தாங்க. என்னத்த வாங்கினாங்க?"ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான், எங்க ஆத்தாவும் எதுவும் வாங்கலை. ஆனா அந்தப் பூனைக்குக் கொல்லை முழுக்க மண் இருந்துச்சு. பிறாண்ட முருங்கை மரம், திங்க எலி, ஏறிப் படுக்க வைக்கோல் போர், பயந்தா ஓட ஒரு தெரு. அதையெல்லாம் புடுங்கிக்கிட்டு 900 சதுர அடியில கொண்டுவந்து அடைச்சது நாம. மண் தட்டு, கட்டை, சாப்பாடு எல்லாம் நாம எடுத்துக்கிட்டதைக் கொஞ்சமாத் திருப்பிக் குடுக்கறது, செல்லம் இல்லை. இன்னொண்ணு, ஆத்தா வீட்ல ஒரு பூனை ரெண்டு நாள் வரலேன்னா "எங்கயோ போயிடுச்சு"ன்னு சொல்லி முடிச்சுடுவாங்க. எத்தனை 'எங்கயோ போச்சு'ன்னு யாரும் எண்ணலை.

காசு விஷயமும் சொல்லிடறேன். எல்லாராலயும் ஒரே நாள்ல இத்தனையும் வாங்க முடியாது. சுப்பு வந்தப்ப எனக்கும் முடியலை. ஆனா மெத்தைக்கும் மெஷினுக்கும் குடுத்த 2,700 ரூபாய் என்கிட்ட இருந்துச்சு. 400 ரூபாய்க்குப் பேரம் பேசி விட்ட வலையும் நான்தான் விட்டேன். குட்டி வந்த சந்தோஷத்துல கையில இருக்கற காசு முதல்ல பார்க்க அழகா இருக்கற பக்கம் போயிடும். அந்த நேரத்துலதான் கடையும் செட்டை நீட்டும். அந்தத் தம்பியைக் குறை சொல்லலை, நான் கேட்டு வாங்காததை அவர் ஏன் விக்கப் போறார்?

கடையில கடைசியா கூடை, மண் தட்டு, குட்டிக்கான சாப்பாடு மட்டும் வாங்கிக்கிட்டோம். என் பொண்ணுக்காக அந்த இறகுக் குச்சியும். (120 ரூபாய். தெரியும், தெரியும்.) வலைக்காரர் செவ்வாய்க்கிழமை வந்து அடிச்சுட்டுப் போனார். இந்தத் தடவை பேரம் பேசலை. அதுவரைக்கும் ரெண்டு நாள் பால்கனிக் கதவு பூட்டியே கிடந்துச்சு, துணியெல்லாம் ஹால்ல காஞ்சுது.

ஞாயித்துக்கிழமை ராத்திரி கூடையைத் துடைச்சு ஹால்ல வெச்சுட்டு, "உள்ள போட ஏதாவது பழைய துணி இருக்கா?"ன்னு கேட்டேன். தங்கமணி ஒண்ணும் பேசாம உள்ள போய், பீரோவோட அடித்தட்டுலேருந்து ஒரு நீலத் துண்டை எடுத்துட்டு வந்தாங்க. சுப்புவோட துண்டு. அந்தக் கட்டைப்பைக்குள்ள நான் விரிச்சிருந்ததே அதுதான். தோய்ச்சு, மடிச்சு, இத்தனை நாள் வெச்சிருந்திருக்காங்க. எனக்குத் தெரியாது.

இதைத் தட்டிக்கிட்டிருக்கறப்ப குட்டி அதுக்குள்ள சுருண்டு தூங்கிட்டிருக்கு. கதவு திறந்தேதான் இருக்கு. பேர் இன்னும் வைக்கலை. உங்க வீட்ல பூனை இருந்தா, முதல்ல என்ன வாங்கினீங்க, எதை வாங்காம விட்டீங்கன்னு சொல்லுங்க. கூடை இல்லாதவங்க அதுக்கு முன்னாடி கடைக்குப் போய்ட்டு வந்துடுங்க.