அபுதாபி இந்துக் கோயில்: அமீரகம் 27 ஏக்கர் நிலம் கொடுத்தது ஏன்?

துபாய் ட்ரிப் போறவங்க பிளானில் புர்ஜ் கலிஃபா, டெசர்ட் சஃபாரிக்கு அடுத்து இப்போது ஒரு கோயிலும் சேர்ந்துவிட்டது. துபாய் – அபுதாபி நெடுஞ்சாலையை ஒட்டிய அபு முரைக்கா பகுதியில் இருக்கும் பாப்ஸ் இந்து மந்திர்தான் அது. 2024 பிப்ரவரி 14-ல் பிரதமர் மோடி திறந்துவைத்தார். மார்ச் 1 முதல் பொதுமக்களுக்கு அனுமதி. முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுமார் 65,000 பேர் வந்ததாகக் கோயில் நிர்வாகம் சொன்னது.

இஸ்லாம் அரசு மதமாக இருக்கும் நாட்டில் இவ்வளவு பெரிய கோயில் எப்படி வந்தது? அங்கே வேலை பார்க்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கு இதனால் என்ன மாறுகிறது?

உள்ளே என்ன இருக்கு?

ராஜகோபுரம், பிராகாரம் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம். இது வடஇந்திய நாகர பாணிக் கோயில். உயரம் 108 அடி. ராஜஸ்தானின் இளஞ்சிவப்பு மணற்கல்லும் இத்தாலிய மார்பிளும் இந்தியாவில் செதுக்கப்பட்டு, கன்டெய்னர்களில் கப்பலேறிப் போய், அங்கே ஒன்றோடொன்று பொருத்தப்பட்டன. கோயில் கட்டமைப்பில் இரும்பே இல்லை. அடித்தள கான்கிரீட்டில் சிமென்ட்டின் பெரும்பகுதிக்குப் பதிலாக ஃப்ளை ஆஷ் எனப்படும் நிலக்கரிச் சாம்பல். வெப்பம், அழுத்தம், நில அதிர்வைக் கண்காணிக்க 300-க்கும் மேற்பட்ட சென்சார்கள்.

ஏழு சிகரங்கள் ஏழு அமீரகங்களைக் குறிக்கின்றன. திருப்பதி வெங்கடாஜலபதி, ஐயப்பன், ஜகந்நாதர், ராமர், கிருஷ்ணர் எனத் தனித்தனிச் சன்னிதிகள். முருகன் இருக்காரா? இருக்கார், சிவன் குடும்பத்தோடு. சிற்பங்களில் யானை, மயிலோடு ஒட்டகமும் உண்டு.

கட்டியது யார்?

1907-ல் குஜராத்தில் தொடங்கிய சுவாமிநாராயண் பிரிவு அமைப்பான பாப்ஸ். டெல்லி அக்ஷர்தாம் (2005), அமெரிக்காவின் நியூ ஜெர்சி அக்ஷர்தாம் (2023) ஆகியவையும் இவர்கள் கட்டியவைதான்.

இடம் எப்படிக் கிடைத்தது?

2015 ஆகஸ்டில் மோடி அமீரகம் போனார். 34 ஆண்டுகளில் அங்கே போன முதல் இந்தியப் பிரதமர். அப்போதுதான் கோயிலுக்கு நிலம் தருவதாக அறிவிப்பு வந்தது. முதலில் 13.5 ஏக்கர், 2019-ல் இன்னொரு 13.5 ஏக்கர், இரண்டுமே இலவசம்.

இதில் அமீரகத்துக்கும் கணக்கு இருக்கிறது. எண்ணெயை மட்டும் நம்பாத பொருளாதாரம் வேண்டுமென்றால் முதலீடும் வரணும், வேலைக்கு ஆளும் வரணும். அதற்கு 'எல்லா மதத்தினரும் நிம்மதியாக வாழலாம்' என்ற பெயர் உதவும். 2019-ஐ 'சகிப்புத்தன்மை ஆண்டு' என அறிவித்தது அமீரகம். அதே ஆண்டு போப் பிரான்சிஸை வரவேற்றது. 2023-ல் மசூதி, தேவாலயம், யூத ஆலயம் மூன்றையும் ஒரே வளாகத்தில் திறந்தது. இந்தியாவுடனான விரிவான வர்த்தக ஒப்பந்தம் 2022 மே மாதம் அமலுக்கு வந்தது. கோயிலையும் இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

இதுக்கு முன்னாடி கோயிலே இல்லையா?

இருந்தது. புர் துபாய் சந்துக்குள் 1950-களிலிருந்தே வழிபாடு நடக்கிறது. 2022 அக்டோபரில் ஜெபல் அலியில் புதிய கோயில் திறக்கப்பட்டது. ஆனால் அபுதாபியில் எழுந்திருப்பது நெடுஞ்சாலைப் பக்கம் தலைநிமிர்ந்து நிற்கும் கோயில். பல வருஷமாக அங்கே இருப்பவர்கள் இதைப் பார்த்து நெகிழ்வது இதனால்தான்.

அப்போ என்ன மாறவில்லை?

அமீரகத்தில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருக்கிறார்கள். கோல்டன் விசா போன்ற சில வழிகளை விட்டால், பெரும்பாலானோர் அங்கே தங்குவது வேலையை நம்பித்தான். வேலை போனால், குறிப்பிட்ட நாட்களுக்குள் வேறு வேலையும் கிடைக்காவிட்டால், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எத்தனை வருஷம் உழைத்தாலும் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வழியில்லை. 2021 முதல் அரசே தேர்ந்தெடுக்கும் சிலருக்கு மட்டும் அது கிடைக்கிறது.

மலேசியாவோடு ஒப்பிட்டால் இது இன்னும் புரியும். அங்கே தோட்டத் தொழிலாளர்களாகப் போன தமிழர்கள் தாங்களே காசு போட்டுக் கோயில்கள் எழுப்பினார்கள். பலவற்றுக்கு நிலப்பத்திரம் இல்லை. 2025 மார்ச்சில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் 100 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான பத்ரகாளியம்மன் கோயில், நிலம் ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருந்ததால், அருகிலேயே வேறு இடத்துக்கு மாற ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அந்தக் கோயிலுக்குப் பத்திரம் இல்லை, ஆனால் பக்தர்களுக்கு ஓட்டு இருக்கிறது. குறைந்தபட்சம் கேள்வி கேட்க முடிந்தது. அபுதாபியில் கோயிலுக்கு இடம் உறுதி. கும்பிடப் போகிறவர் அடுத்த வருஷம் அந்த நாட்டில் இருப்பாரா என்பது உறுதியில்லை.

நாளை இரு நாட்டு உறவு கசந்தால் என்ன ஆகும்? கோயிலை யாரும் தொடமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். விசாவுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அடுத்த முறை இரு நாட்டுத் தலைவர்கள் சந்திக்கும்போது சம்பள பாக்கி, வேலை மாறும் உரிமை, பணி ஓய்வுக்குப் பிறகும் தங்கும் வாய்ப்பு பற்றி என்ன பேசினார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

போகிறவர்கள் கவனத்துக்கு

* எல்லா மதத்தினருக்கும் அனுமதி, நுழைவு இலவசம். கோயிலின் இணையதளத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது.
* கழுத்து, முழங்கை, கணுக்கால் வரை உடலை மூடிய உடை வேண்டும்.
* வெளி உணவுக்கு அனுமதி இல்லை.
* திங்கட்கிழமை விடுமுறை. நேரத்தைக் கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.