மாண்ட நிலையம் மீண்ட கதை

ஒரு பொருள் பழமையுடையது என்பதொன்றே அதனைக் காத்தற்குப் போதுமா? போதாது என்பதே எம் கருத்து. பேணுவார் உளராயின் பழமை வாழும். இலராயின் ஆணைகளும் அரண்களும் அதனைக் காவா.

ஜவ்வாது மலையடிவாரத்துப் படவேட்டை நோக்குக. சம்புவராயரின் தலைநகராய் விளங்கிய அவ்வூரில் ஆலயங்கள் பல நெடுங்காலம் சிதைந்து கிடந்தன. அவற்றுட் சில அண்மைக்காலத்தே புதுப்பிக்கப்பெற்றன. கற்களை நிறுத்தியதனால் மட்டும் அவை உயிர்பெறவில்லை. விளக்கேற்றுவாரும் வழிபடுவாரும் மீண்டமையாலேயே உயிர்பெற்றன.

ரயில் நிலையத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும் என்பதற்கு இங்கிலாந்து தேசத்துச் செய்தியொன்று சான்றாகும். சஸ்ஸெக்ஸ் நாட்டுப்புறத்தில் ஷெஃபீல்டு பார்க் என்றொரு சிறு நிலையம் உளது. அது 1882-இல் திறக்கப்பட்ட பாதையில் அமைந்தது. வருவாய் குன்றியமையால் 1955-இல் அப்பாதை மூடப்பட்டது. பெஸ்ஸெமர் என்னும் பெருமாட்டியார் பழைய சட்டத்தை ஆராய்ந்து, நாள்தோறும் நான்கு வண்டிகள் விடுதல் ரயில்வேயாரின் கடமை என எடுத்துக்காட்டினார். 1956-இல் வண்டிகள் மீண்டும் ஓடின. ஆயினும் பாராளுமன்றம் அக்கடமையை நீக்கியது. 1958-இல் பாதை மறுபடியும் மூடப்பட்டது. சட்டத்தால் வந்த உயிர் இரண்டாண்டுகூட நிலைக்கவில்லை.

அடுத்த ஆண்டில் மாணவர் சிலர் முன்வந்தனர். அவர் முயற்சியால் ஒரு சங்கம் தோன்றிற்று. 1960 ஆகஸ்டு 7-ஆம் நாள் ஷெஃபீல்டு பார்க்கை முனையாகக்கொண்டு நீராவி வண்டி ஓடலாயிற்று. 2013-இல் அப்பாதை கிழக்கு கிரின்ஸ்டெட் நகரம்வரை, 11 மைல் தூரம் நீண்டது. இஞ்சினைத் துடைப்பாரும் சீட்டுக் கொடுப்பாரும் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்களே. சட்டம் காவாததை உழைப்புக் காத்தது.

"ஏழை நாட்டிற்கு இவ்வேடிக்கை எதற்கு?" என்பார் உளர். அரசாங்கப் பொருளைக் கொட்டிச் செல்வர் உல்லாசத்திற்கு வண்டி விடுவதாயின் அவ்வினா தக்கதே. மேலும், காட்சி வண்டி எத்துணை அழகியதாயினும், சந்தைக்கும் பள்ளிக்கும் செல்வார் இழந்த அன்றாட வண்டிக்கு ஈடாகாது. ஆதலின் மாண்டபின் மீட்பதினும் மாளாமற் காத்தலே தலையாயது. காட்பாடி–விழுப்புரம் பாதையிற் கண்ணமங்கலம் முதலிய சிறு நிலையங்கள் இன்றும் உயிரோடிருக்கின்றன. அவற்றின் வழியே பயணஞ் செய்வதும் அவற்றைத் தூய்மையாய் வைத்தலும் எளிய தொண்டுகள்.

மாணவர்காள்! ஷெஃபீல்டு பார்க்கை மீட்கத் தொடங்கியவர் செல்வரல்லர், உங்கள் வயதினரே. உங்கள் ஊர்ப் பழமைக்கு நீங்கள் அளிக்கத்தக்கது கண்ணீரன்று, கைவேலையே.