பாய்மரம்னா ஹிஸ்டரியா?

போன மாசம் ப்ராஜெக்ட் ரிவ்யூ. சரக்குக் கப்பலுக்குப் பாய் கட்டினா எவ்வளவு டீசல் மிச்சமாகும்ங்கிற சிமுலேஷன்தான் நானும் ரூம்மேட்டும் கொண்டுபோன ஐடியா. "பாய்மரமா? அது ஹிஸ்டரிப்பா, இன்ஜினியரிங் இல்ல." ஒரே வரியில முடிஞ்சுது. கேன்டீன்ல டீ குடிக்கும்போதுதான் எனக்குக் கோபம் வந்துச்சு. (எப்பவும் லேட்டாத்தான் வரும்.)

ரூம்மேட் தூத்துக்குடிக்காரன். அவங்க தாத்தா தோணியில தண்டல், அதாவது கேப்டன். இன்ஜினே இல்லாத தோணியில கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோனவர். "எங்க தாத்தா ஹிஸ்டரியாம்டா"ன்னு சிரிச்சான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல.

அப்புறம் தேடினப்பதான் 'அன்னபூரணி' கிடைச்சுது. 1930-ல யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில கட்டின பாய்க்கப்பல். நீளம் 89 அடி. ரெண்டு காலேஜ் பஸ்ஸை வரிசையா நிறுத்தினா, அதைவிடக் கொஞ்சம்தான் கூட. சரக்கு ஏத்திட்டிருந்த அதை ராபின்சன்ங்கிற அமெரிக்கர் வாங்கினார். அந்த ஊர் மாலுமிகள்தான் சூயஸ், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக்னு ஓட்டிட்டுப் போய், 1938 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட குளொஸ்டர் துறைமுகத்துல சேர்த்தாங்க.

இன்ஸ்டால பாய்க்கப்பல்னா சன்செட் மட்டும்தான். உள்ள இருக்கறவங்களுக்கு அது ஷிஃப்ட் வேலை. ராத்திரி ரெண்டு மணிக்குக் காத்து திரும்பினா எழுந்து கயித்தை இழுக்கணும். கிழிஞ்ச பாயைத் தைக்கணும். மரக்கப்பல்ல தண்ணி கசியும், இறைச்சுட்டே இருக்கணும். குடிதண்ணியை அளந்துதான் குடிக்கணும். எல்லாத்தையும் விடக் கொடுமை காத்தே இல்லாத நாள். கப்பல் நகராது, அரிசி மட்டும் குறையும். ஹாஸ்டல்ல ரெண்டு நாள் வைஃபை போனதுக்கு வார்டன் ரூம் வாசல்ல நின்ன கூட்டத்துல நானும் ஒருத்தன்.

தெக்க இருந்து வந்தா சோளகம், வடக்க இருந்து வாடை, கிழக்க இருந்து கொண்டல், மேற்க இருந்து கச்சான். கன்னத்துல படறதை வெச்சே சொல்லிடுவாங்க. ரூம்மேட் தாத்தா இன்னிக்கும் காத்து மாறினா தூக்கத்துல எழுந்துக்குவாராம்.

நமக்கும் காத்து தெரியும்ங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற ஆடிக்காத்தை நம்பித்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காத்தாடி நிக்குது. அந்த இறக்கையைச் சுத்தவைக்கிற லிஃப்ட்தான் பாயையும் இழுக்குது. இரும்புத் தூண்ல மாட்டினா இன்ஜினியரிங், துணியில புடிச்சா ஹிஸ்டரியா? 2024-ல 'அனெமோஸ்'ங்கிற 81 மீட்டர் பிரெஞ்சு சரக்குக் கப்பல் பாய் விரிச்சு நியூயார்க் போச்சு. அவங்க செஞ்சா சஸ்டெயினபிலிட்டி!

பழசெல்லாம் பொன்னுன்னு நான் சொல்லல. புயல்ல போய்த் திரும்பாத தோணிகள் உண்டு. என்னிக்குப் போய்ச் சேரும்னு தேதி சொல்ல முடியாது. இன்ஜின் வந்ததும் தோணிக்காரங்களே அதை மாட்டிக்கிட்டாங்க, அதுல தப்பே இல்ல. ஆனா எந்தக் காத்துக்குப் பாயை எவ்வளவு தளர்த்தணும்ங்கிறது அந்தக் கையில இருக்கு. எங்க சிமுலேஷனுக்கு வேண்டிய இன்புட்டே அதுதான். எந்த டெக்ஸ்ட்புக்லயும் எங்களுக்குக் கிடைக்கல.

தாத்தாவுக்கு 82 வயசு. பொங்கல் லீவுக்குத் தூத்துக்குடி போறோம், நோட்டும் ரெக்கார்டரும் எடுத்துட்டு. ப்ராஜெக்ட் டைட்டிலை இன்னும் மாத்தல.