நிலம் கற்போருக்கே: வைட்டிலாவிலிருந்து ஒரு கொள்கைப் பிரகடனம்

கல்லூரி நிலம் கற்போருக்கு உரியது. இந்த ஒரு வாக்கியத்தை அடித்தளமாக்கி எங்கள் இயக்கம் எழுகிறது.

மட்டாஞ்சேரியின் சந்துகளிலிருந்தும் தோப்பும்படியிலிருந்தும் பள்ளுருத்தியிலிருந்தும் வருகிறோம். மரடும் திருப்பூணித்துறையும் எங்கள் ஊர்களே. வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் பேசுகிறோம். எங்களில் மாணவர் மிகுதி. ஆசிரியரும் ஆய்வக உதவியாளரும் வாயிற்காவலரும் துப்புரவுப் பணியாளரும் எங்களோடு தோள் சேர்ந்து நிற்கின்றனர். வெவ்வேறு கல்லூரிக்குப் பிரிந்து செல்லும் எங்களைக் காலைதோறும் ஒன்றாக்கும் இடம் கொச்சியின் வைட்டிலா சந்திப்பு. ஆகவே வைட்டிலாவிலிருந்தே பேசுகிறோம்.

வைட்டிலாவின் வரலாறு எங்கள் முதற்சான்று. 2011இல் இங்கே மொபிலிட்டி ஹப் என்னும் பேருந்து முனையம் திறந்தது. 2019 செப்டம்பரில் மெட்ரோ ரயில் வந்தது. 2021 ஜனவரி 9ஆம் நாள் மேம்பாலம் திறந்தது. 2023 ஏப்ரலில் காக்கநாட்டுக்கு வாட்டர் மெட்ரோ படகு புறப்பட்டது. பேருந்தும் ரயிலும் படகும் ஒரே முற்றத்தில் கைகோக்கும் பேறு நம் நாட்டில் எத்தனை சந்திப்புகளுக்கு வாய்த்தது? ஆயினும் மேம்பாலம் வண்டிகளுக்கு வழி திறந்தது. பெருகிய வண்டிகள் அதன் அடிவாரத்தை மீண்டும் அடைத்தன. ரயிலும் படகும் மனிதருக்கு வழி திறந்தன. இறங்கிய இடத்துக்கும் கல்லூரி வாயிலுக்கும் இடையில் மனிதர் கைவிடப்பட்டனர். மூன்றரைக் கோடி மக்கள் வாழும் கேரளத்தில் பதிவான வாகனங்கள் ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிட்டன. ஆளுக்கொரு எந்திரம் என்ற பழைய ஏற்பாடு தோற்றது. அதன் தோல்வியை மெய்ப்பிக்க நாங்கள் வரவில்லை. அதன் இடத்தை நிரப்ப வந்திருக்கிறோம்.

அந்தத் தோல்வியின் உருவம் எங்கள் வளாகங்களில் நாள்தோறும் காட்சி தருகிறது. கைப்பந்துத் திடலின் கோடுகள் அழிந்து வண்டி வரிசையின் கோடுகள் விழுந்தன. தூங்குமூஞ்சி மரத்தின் வேர்மேல் இன்டர்லாக் கற்கள் பரவின. மழைநீர் மண்ணுக்குள் இறங்க இடமின்றி வகுப்பறைப் படிவரை ஏறுகிறது. ஒன்பது மணிக்கு வந்தவரின் ஸ்கூட்டர் சுவரோரம் சிறைப்படுகிறது. ஹேண்டில் பூட்டிய நான்கு பைக்குகளைத் தூக்கி நகர்த்தினால்தான் அவருக்கு விடுதலை. சாய்தளப் பாதையின் வாயில் ஒரு பைக் நிற்கிறது. சக்கர நாற்காலியில் வந்த தோழர் அதன் உரிமையாளரைத் தேடி ஆள் அனுப்பிக் காத்திருக்கிறார். முதல் மணி நேரப் பாடம் தொடங்கி இருபது நிமிடமாகியும் ஈரத் தலைக்கவசத்தோடு இடம் தேடிச் சுற்றுவோர் உண்டு. இதை வளர்ச்சி என்று அழைக்க நாங்கள் மறுக்கிறோம். இதை வழக்கம் என்று ஏற்கவும் மறுக்கிறோம்.

எண்களும் எங்கள் பக்கம் நிற்கின்றன. திறந்த வெளியில் ஒரு கார் நிற்கவும் திரும்பவும் 23 சதுர மீட்டர் ஒதுக்குவது இந்திய நகரத் திட்டமிடலின் அளவுகோல். 60 மாணவர் அமரும் வகுப்பறைக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் வகுத்த பரப்பு 66 சதுர மீட்டர். மூன்று கார்கள் ஒரு வகுப்பறையை விழுங்குகின்றன. மூன்று பேரின் வசதி அறுபது பேரின் கல்விக்கு நிகராக நிறுக்கப்படும் தராசை நாங்கள் உடைக்கிறோம். அடுக்குமாடி நிறுத்துமிடம் என்னும் வாக்குறுதியையும் நிராகரிக்கிறோம். நூலகத்துக்கு இல்லாத மாடி வண்டிக்கு எழுவது கல்விக்கு நேரும் அவமதிப்பு. எழுந்த மாடியும் சில ஆண்டுகளில் நிரம்பும் என்பதற்கு வைட்டிலா மேம்பாலத்தின் அடிவாரமே சாட்சி.

நெருக்கடியின் பிறப்பிடம் வளாகத்தின் வாயிலில் இல்லை. அது பேருந்தின் வாசலில் இருக்கிறது. இதுவே எங்கள் சிந்தனையின் மையம். இங்கே சற்று நின்று பேசுவோம்.

மாணவர் கட்டணச் சலுகைக்கான கன்செஷன் அட்டையோடு பேருந்து நிலையத்தில் நின்றவருக்கு அந்தக் காட்சி மறக்காது. பேருந்து காலியாக நிற்கும். மாணவர் வெளியே வெயிலில் வரிசையில் நிற்பர். முழுக் கட்டணம் தருவோர் ஏறி அமர்ந்த பின், ஓட்டுநர் எந்திரத்தை முடுக்கிய பின், வாசலில் நிற்கும் உதவியாளர் தலையசைத்த பின் மாணவர் ஓடி ஏற வேண்டும். இருக்கை காலியாயினும் அமர்ந்தால் எழுப்பப்படுவர். 2022 மே மாதம் குறைந்தபட்சப் பொதுக் கட்டணம் பத்து ரூபாய் ஆனபோதும் மாணவரின் குறைந்தபட்சக் கட்டணம் ஒரு ரூபாயாகவே நின்றது. அந்த ஒன்பது ரூபாய் வேற்றுமையை அரசு ஈடு செய்யவில்லை. பேருந்து முதலாளியும் பொறுக்கவில்லை. அதன் விலையைப் பதினெட்டு வயதுப் பெண்ணும் பையனும் மானத்தால் செலுத்தினர். இரண்டு ஆண்டு அப்படி ஏறியவர் மூன்றாம் ஆண்டில் தவணைக்கு ஒரு பைக் வாங்குகிறார். அந்தத் தவணையில் வேகத்தின் விலை கொஞ்சம், மரியாதையின் விலை மிகுதி.

ஆகையால் வண்டி ஓட்டும் தோழரை நாங்கள் பகைவராகக் கருதவில்லை. கல்லூரி முடிந்து இரவு பத்துவரை உணவுப் பொட்டலம் கொண்டு சேர்த்துக் கட்டணம் கட்டுபவருக்கு அந்த பைக் ஏர்மாடு. ஆய்வகம் முடிய இருட்டிவிடும் நாளில், கடைசிப் பேருந்தும் போய்விட்ட சாலையில், ஒரு மாணவிக்கு அவளுடைய ஸ்கூட்டரே சுதந்திரம். அந்தச் சுதந்திரத்தின்மேல் கை வைக்கும் எந்தத் தடையையும் எதிர்ப்போம். முதலில் பேருந்து வரட்டும், பிறகு வண்டி வெளியே நிற்கட்டும். இந்த வரிசையை மாற்றுவோர் ஒழுங்கின் பெயரால் ஏழையைத் தண்டிக்கிறார்கள்.

எங்களுக்கு முன்னோர் உண்டு. 1924 மார்ச் 30ஆம் நாள் வைக்கத்தில் சத்தியாகிரகம் தொடங்கியபோது கேட்கப்பட்டது கோயிலுக்குள் நுழையும் உரிமையன்று. கோயிலைச் சுற்றிய பொதுத் தெருவில் நடக்கும் உரிமை. ஈரோட்டிலிருந்து வந்து சிறை சென்ற பெரியாரைத் தமிழகம் வைக்கம் வீரர் என்று அழைத்தது. தீண்டாமையின் கொடுமைக்கு முன் எங்கள் இடர் மிகச் சிறியது. இரண்டையும் ஒரு தட்டில் வைக்கும் துணிவு எங்களுக்கில்லை. ஆயினும் தெரு எல்லாருக்கும் பொது என்ற அறத்தை அவர்களிடமிருந்தே கற்றோம். வைட்டிலாவிலிருந்து பள்ளிமுக்கை நோக்கிச் செல்லும் சாலை சகோதரன் ஐயப்பனின் பெயரைத் தாங்குகிறது. 1917இல் செறாயில் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உண்ணச் செய்தவர் அவர். சமபந்தி கண்டவரின் பெயர் தாங்கிய சாலையில் ஆளுக்கொரு பெட்டிக்குள் அடைந்து மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கிறோம். ஒரே இருக்கையில் முன்பின் அறியாத இருவர் அருகருகே அமர்ந்து பயணம் செய்யும் பேருந்து, அந்தப் பந்தியின் நீட்சி. அதை மீட்பதே அந்தப் பெயருக்கு நாங்கள் செலுத்தும் மரியாதை.

மாணவரின் பயணம் போராட்டமாக மாறுவது கேரளத்துக்குப் புதிதன்று. 1958இல் படகுக் கட்டணம் உயர்ந்தபோது குட்டநாட்டு மாணவர் கிளர்ந்தெழுந்தனர். ஒரணா சமரம் என்று அதை இன்றும் நினைவுகூர்கின்றனர். ஓர் அணாவுக்காக ஒரு தலைமுறை எழுந்தது. நாங்கள் எழுவது ஓர் இருக்கைக்காக.

பதவிக்கொரு நிழல் என்னும் முறையை மறுக்கிறோம். மரத்தடி மேலாளருக்கு, கூரையடி பேராசிரியருக்கு, வெயில் மாணவருக்கு, மதிலுக்கு வெளியே சாக்கடையோரம் துப்புரவுப் பணியாளருக்கு என்று வகுத்த படிநிலை கல்விக்கூடத்தில் நிற்கத் தகாது. பெயர்ப்பலகை பதித்த நிறுத்துமிடம் நில உடைமையின் மிச்சம். விடியலில் ஐந்து மணிக்கு வந்து வளாகத்தைக் கூட்டுபவரின் வண்டிக்கே அங்கு முதல் உரிமை என்கிறோம்; அந்த நேரத்தில் அவருக்குப் பேருந்து இல்லை. மாற்றுத்திறனாளியின் வாகனத்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழி எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். மற்ற எவருக்கும், அவர் கல்லூரி முதல்வரே ஆயினும், தனி நிழல் இல்லை.

வளாகத்துக்குள் வேகம் நுழைவதையும் மறுக்கிறோம். 2015இல் திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியில் ஓணக் கொண்டாட்டத்தின்போது வளாகத்துக்குள் ஓடிய ஜீப் மோதி ஒரு மாணவி உயிரிழந்தார். படிக்கச் சென்ற மகள் படிக்கும் இடத்திலேயே வண்டிக்கு இரையானாள். அந்த மரணத்துக்குப் பிறகு வாகனக் கட்டுப்பாடு குறித்துச் சுற்றறிக்கை வேண்டிய அளவு கண்டோம். சுற்றறிக்கையின் காலம் முடிந்தது. அமைப்பை மாற்றும் காலம் பிறந்தது.

இது கனவு என்போருக்குச் சென்னையைக் காட்டுகிறோம். 1959இல் கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் எழுந்த ஐஐடி மெட்ராஸ் சுமார் 250 ஹெக்டேர் பரப்புடையது. அங்கே மாணவர் மோட்டார் வண்டி வைத்துக்கொள்ள அனுமதியில்லை. அவர்கள் சைக்கிளில் செல்கிறார்கள், வளாகப் பேருந்தில் செல்கிறார்கள். சாலையோரம் புள்ளிமான் மேய்கிறது. அத்தனை பெரிய வளாகத்தில் இயன்ற ஒன்று, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஐந்து நிமிடத்தில் நடந்துவிடக்கூடிய எங்கள் கல்லூரிகளில் இயலாதா? கடல் கடந்தும் பார்க்கிறோம். மட்டாஞ்சேரி அரண்மனைக்குத் தங்கள் பெயரை விட்டுச்சென்ற டச்சுக்காரரின் நாட்டில், டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் வளாகத்தின் நடுவே ஓடிய கார்ச் சாலையை அகற்றி 2009இல் ஒரு நீண்ட பூங்காவைத் திறந்தது. சாலை இருந்த இடத்தில் இன்று மாணவர் புல்லில் அமர்ந்து படிக்கின்றனர். தார் நிலையானதன்று. அதைப் போட்டவர் மனிதர், எடுப்பவரும் மனிதரே.

எங்கள் நகரத்திலேயே விதை முளைத்திருக்கிறது. மெட்ரோ நிலையங்களிலிருந்து மின்சார இணைப்புப் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிட்டன. நூறு பேர் செல்லும் மின்படகைக் கொச்சிக் கப்பல் கட்டும் தளம் இந்த மண்ணிலேயே செய்து தந்தது. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் வாட்டர் மெட்ரோ முனையம் வந்தது. மட்டாஞ்சேரிப் பிள்ளை படகேறி, ரயில் மாறி, வைட்டிலாவில் இறங்கிவிடலாம். அங்கிருந்து கல்லூரி வாயில் வரை மூன்று கிலோமீட்டர், நான்கு கிலோமீட்டர். அந்தச் சிறு தொலைவுக்காகத்தான் வீட்டிலிருந்தே வண்டி புறப்படுகிறது. ஒரு நகரத்தின் நெருக்கடி முழுவதும் அந்தக் கடைசி நான்கு கிலோமீட்டருக்குள் மடங்கிக் கிடக்கிறது.

ஆகவே கோருகிறோம். வைட்டிலா ஹப்பிலிருந்து கல்லூரிகளுக்குக் காலை ஏழரை முதல் பத்து வரையும், மாலையில் ஆய்வகங்கள் பூட்டும் வரையும் இணைப்புப் பேருந்து வேண்டும். மாணவர் கட்டண வேற்றுமையை அரசே பேருந்துக்கு ஈடு செய்ய வேண்டும். கன்செஷன் அட்டை வைத்திருப்பவருக்கு வரிசைப்படி ஏறவும், இருக்கை இருந்தால் அமரவும் உரிமை வேண்டும். ஹப்பிலிருந்து வாயில் வரை மூடி உடையாத, மழையில் மூழ்காத நடைபாதை வேண்டும். கூரையிட்ட சைக்கிள் நிலையம் வாயிலை ஒட்டி வேண்டும். இவை நிறைவேறும் ஒவ்வொரு படியிலும் வளாகத்தின் பார்க்கிங்கில் ஒரு பகுதியை மூடி, கற்களைப் பெயர்த்து, மண்ணைத் திறந்து, திடலாகவும் தோப்பாகவும் மீட்க வேண்டும். மீட்ட நிலம் எந்தக் காரணத்துக்காகவும் வண்டிக்குத் திரும்பக் கூடாது.

நாங்கள் எவர் வண்டியையும் மறிக்க மாட்டோம். எவர் சக்கரத்தின் காற்றையும் இறக்க மாட்டோம். எங்கள் ஆயுதம் எங்கள் கால்கள். நூறு பேர் சேர்ந்து நடந்தால் அது ஊர்வலம். ஆயிரம் பேர் நாள்தோறும் நடந்தால் அது சாலை.

வகுப்புகள் தொடங்கும் முதல் நாள் காலை ஏழரை மணிக்கு வைட்டிலா மொபிலிட்டி ஹப்பின் வாயிலில் கூடுகிறோம். அங்கிருந்து அவரவர் கல்லூரிக்குச் சேர்ந்து நடக்கிறோம். தோழர்களே, சாவியை வீட்டில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வாருங்கள்.