நூலும் அடிக்கோலும்

"டோக்கியோவிலிருந்து நியூயார்க்குக்கு ஆகாய விமானம் எவ்வழியே செல்லும்?" என்று பரீட்சையில் கேட்டிருந்தேன். "அலாஸ்காவின் மேலாக" என்று ஒரு மாணவன் எழுதினான். பசிபிக் சமுத்திரம் நடுவில் அமைந்த சுவர்ப் படத்தில் அடிக்கோலை வைத்தேன். கோடு சமுத்திரத்தின் குறுக்கே ஓடிற்று. தயங்காமல் சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

மறுநாள் அவன் நூல்கண்டுடன் வந்து நின்றான். பூகோள உருண்டையின் இடுப்பைச் சுற்றி அளந்தோம்: 100 சென்டிமீட்டர். பூமியின் சுற்றளவோ ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். ஆகவே சென்டிமீட்டருக்கு 400. பிறகு இரு நகரங்களுக்கும் இடையே நூலை விறைப்பாக இழுத்தான். அது தானாகவே வடக்கே நழுவி அலாஸ்காவின்மேல் போய் அமர்ந்தது! அளவு 27 சென்டிமீட்டர். அதாவது 10,800 கிலோமீட்டர். என் அடிக்கோல் காட்டிய வழி ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் அதிகம். உருண்டையைத் தட்டையாக்கும்போது வடபாகம் பக்கவாட்டில் விரிந்துபோவதால் வந்த வினை அது.

காலக் கணக்கு இன்னும் வேடிக்கையானது. கோடை மாதங்களில் டோக்கியோக் கடிகாரம் நியூயார்க்கைவிட 13 மணி முந்தியிருக்கும். பிரயாணமும் சுமார் 13 மணிதான். எனவே காலை 11 மணிக்குப் புறப்பட்டவர் அதே தேதியில், காலை 11 மணி அளவிலேயே இறங்குகிறார்! கடிகாரத்தை மட்டும் நம்பினால் பிரயாண நேரம் பூஜ்யம். திரும்பும்போது, உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் பெருங்காற்று எதிர்ப்பதால் பிரயாணம் சுமார் 14 மணியாகிறது. கடிகாரத்திலோ 27 மணி கழிந்துவிடும்.

அடித்த விடைக்கு மதிப்பெண் போட்டுக் கொடுத்தேன். நூல்கண்டை அவன் திருப்பிக் கேட்கவில்லை. என் மேஜையிலேயே இருக்கிறது.