மருந்துக்கு அடங்காத கிருமிகள்: குற்றம் யாருடையது?

மில் மிஷினில் விரல் நசுங்கிய தொழிலாளி, அறுவடையில் கதிரரிவாள் பட்டுக் காலைக் கிழித்துக்கொண்ட விவசாயத் தொழிலாளி, பிரசவத்துக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் பெண் - இவர்கள் எல்லோருக்கும் பொதுவான எதிரி ஒன்று ஆஸ்பத்திரிக்குள்ளேயே காத்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத கிருமி. டாக்டர் ஒரு மருந்தைக் கொடுக்கிறார்; கேட்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது மருந்தும் கேட்கவில்லை. கடைசியில் எழுதிக் கொடுக்கும் ஊசியின் விலை ஒரு குடும்பத்தின் பல நாள் கூலியை விழுங்கிவிடுகிறது. சில சமயம் அதுவும் பலிப்பதில்லை.

இது எங்கோ ஒரு மூலையில் நடக்கும் சங்கதி அல்ல. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-ம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டார்கள் என்று 2022-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

இதற்கு யார் காரணம்? படித்த பெரியவர்கள் பலர் ஒரே பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள்: "ஏழை ஜனங்கள் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுடைய அறியாமைதான் காரணம்."

இது அரை உண்மை. முழுப் பொய்யைவிட அரை உண்மை அபாயமானது. மறைக்கப்படும் மறு பாதியையும் பார்ப்போம்.

கிருமி எப்படித் தப்புகிறது?

பென்சிலினை 1928-ல் லண்டனில் கண்டறிந்தவர் அலெக்ஸாண்டர் பிளெமிங். அதை மருந்தாக்கியவர்கள் ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகளான புளோரி, செயின் ஆகியோரும் அவர்களது சகாக்களும். 1941 பிப்ரவரியில் ஒரு போலீஸ்காரருக்கு அதைக் கொடுத்தார்கள். சாகக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தார். ஆனால் கையிருப்பு தீர்ந்தது. அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைத் திரும்பப் பிரித்தெடுத்துக்கூடக் கொடுத்தார்கள். போதவில்லை, அவர் மாண்டார்.

அதற்கு முந்திய ஆண்டே, 1940-ல், அதே ஆக்ஸ்போர்டு குழுவினர் இன்னொரு விஷயத்தையும் கண்டிருந்தார்கள். சில கிருமிகள் பென்சிலினை உடைத்து நாசமாக்கும் ஒரு பொருளைத் தாங்களே சுரக்கின்றன. மருந்து சந்தைக்கு வருமுன்பே எதிர்ப்பும் பிறந்திருந்தது!

வயலில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே பூச்சி மருந்தை வருஷா வருஷம் தெளித்த வயலில் என்ன நடக்கிறது? மருந்துக்குச் சாகிற பூச்சி செத்துவிடும். சாகாத பூச்சி ஒன்றிரண்டு மிஞ்சும். அதன் வம்சமே வயலை நிரப்பும். கிருமியின் கதையும் இதுதான். வசதி கிடைத்தால் சில கிருமிகள் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அதோடு, எதிர்த்து நிற்கும் வித்தையைப் பக்கத்திலுள்ள வேறு ஜாதிக் கிருமிக்கும் கைமாற்றிவிடும்.

1945-ல் நோபல் பரிசு பெற்றபோது பிளெமிங் எச்சரித்தார்: பென்சிலினைக் கடையில் யாரும் வாங்கலாம் என்ற காலம் வரும், குறைந்த அளவில் சாப்பிட்டுக் கிருமியைப் பழக்கப்படுத்திவிடும் அபாயமும் வரும் என்றார். அந்த எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொண்டவர்கள் சிலரே.

லண்டன் ஆஸ்பத்திரி காட்டிய பாடம்

லண்டனில் ஹாம்மர்ஸ்மித் ஆஸ்பத்திரி என்று ஒன்று உண்டு. அங்கே மேரி பார்பர் என்ற பெண் விஞ்ஞானி, புண்ணில் சீழ் கட்டச் செய்யும் ஸ்டபிலோகாக்கஸ் கிருமியைக் கணக்கெடுத்தார். 1946-ல் 100 நோயாளிகளில் 14 பேரிடம் பென்சிலினுக்கு அடங்காத கிருமி இருந்தது. 1947-ல் 38. 1948-ல் 59! இரண்டே வருஷத்தில் நான்கு மடங்கு.

ஒவ்வொரு நோயாளியின் உடம்பிலும் கிருமி தனித்தனியாகவா மாறியது? இல்லை என்று காட்டினார் பார்பர். பழைய கிருமிகள் சாக, அடங்காத கிருமி ஒன்று ஆஸ்பத்திரிக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியிருந்தது. ஆகவே, மருந்து பாதிக் குற்றவாளி. நெரிசலும் அசுத்தமும் மறு பாதிக் குற்றவாளி.

1959-ல் மெதிசிலின் என்ற புது மருந்து வந்தது. இனிக் கவலையில்லை என்றார்கள். 1961-லேயே அதற்கும் அடங்காத கிருமியைப் பற்றிய அறிக்கை வெளிவந்துவிட்டது.

அப்படியானால் கை கட்டி நிற்க வேண்டியதுதானா? இல்லை! அதே பார்பரும் அவருடைய சகாக்களும் ஹாம்மர்ஸ்மித்தில் மருந்துகளை இஷ்டம்போல் கொடுப்பதைக் கட்டுப்படுத்தினார்கள். தொற்று பரவும் வழிகளை அடைத்தார்கள். அடங்காத கிருமிகளின் பங்கு குறைந்தது. 1960-ல் அதை வெளியிட்டார்கள். ஏறிய வெள்ளத்தை வடியவைக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

அதே இங்கிலாந்தில் பிறகு நடந்ததையும் கவனியுங்கள். 1983-ல் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலையை டெண்டருக்கு விடும்படி தாட்சர் சர்க்கார் உத்தரவிட்டது. ஆள் குறைந்தது, சுத்தம் கெட்டது என்று தொழிற்சங்கங்கள் குற்றம் சாட்டின. 2003-04-ல் மெதிசிலினுக்கு அடங்காத கிருமி ரத்தத்தில் கலந்த நோயாளிகள் சுமார் 7,700 பேர் என்று கணக்கு வந்தது. நாடெங்கும் கூச்சல் எழுந்தது. ஆஸ்பத்திரி தோறும் கணக்கு வெளியிடவும், கை கழுவவும், வார்டுகளைச் சுத்தம் செய்யவும் கண்டிப்பான ஏற்பாடு நடந்தது. 2008-09-ல் அந்த எண்ணிக்கை 3,000-க்குக் கீழே இறங்கியது. புது மருந்து கண்டுபிடித்து அல்ல. தண்ணீர், சோப்பு, கண்காணிப்பு, கட்டுப்பாடு ஆகியவற்றைக் கொண்டுதான்!

நம் நாட்டில் என்ன நடந்தது?

2010-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கடைசி ஆயுதமாக வைத்திருந்த மருந்துகளையும் நாசம் செய்யும் 'என்.டி.எம்-1' என்ற சக்தியுடைய கிருமிகள் சென்னையிலும் ஹரியானாவிலும் நோயாளிகளிடம் இருப்பதாக அது சொன்னது. உடனே அதிகாரிகள் என்ன செய்தார்கள்? அந்தப் பெயரில் 'நியூடெல்லி' என்ற சொல் வருகிறதே என்று கோபப்பட்டார்கள்! பணம் படைத்த வெளிநாட்டு நோயாளிகள் வருவது நின்றுவிடுமே என்ற கவலை முன்னுக்கு வந்தது. உள்நாட்டு நோயாளி பின்னுக்குப் போனார்.

2011-ல் டெல்லியில் 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளைச் சோதித்ததில் இரண்டிலும், தெருவில் தேங்கிய தண்ணீர் 171 மாதிரிகளில் 51-லும் அந்த சக்திக்கு மூலமான மரபணு இருந்தது.

2011 முதல் 2014 வரை டெல்லியின் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் பிறந்த சிசுக்களைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. சிசுக்களின் ரத்தத்தில் அதிகமாகக் காணப்பட்ட கிருமி அசினெட்டோபாக்டர். அதில் 100-க்கு 82, பல மருந்துகளுக்கு அடங்காதது. பிறந்து மூன்று நாள் ஆகாத குழந்தை எந்தக் கடையில் போய் மாத்திரை வாங்கிப் பாதியில் நிறுத்தியது? ஏழையின் அறியாமையைப் பழிக்கும் கனவான்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்!

ஹைதராபாத் அருகே படான்சேருவில் மருந்து ஆலைகள் உண்டு. சுமார் 90 ஆலைகளின் கழிவு வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய தண்ணீரை ஸ்வீடன் விஞ்ஞானிகள் சோதித்து 2007-ல் வெளியிட்டார்கள். சிப்ரோபிளாக்சசின் என்ற மருந்து மட்டும் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. அது நோயாளியின் ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவையும் மிஞ்சியது! ஓடையே கிருமிகளுக்குப் பயிற்சிப் பள்ளிக்கூடமானது. ஆலைக் கழிவில் இத்தகைய மருந்துக்கு வரம்பு கட்டும் நகல் விதியை மத்திய சர்க்கார் 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021-ல் இறுதி விதி வந்தபோது அந்த வரம்பு காணாமல் போயிருந்தது. யாருக்காக?

லாபக் கணக்கு

பழைய மருந்து தோற்றால் புது மருந்து வேண்டும். ஆனால் புதுக் கிருமிக்கொல்லி மருந்து முதலாளிக்கு ருசிக்கவில்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரையை நோயாளி ஆயுள் முழுதும் வாங்குவார். கிருமிக்கொல்லியை ஒரு வாரம் சாப்பிட்டு நிறுத்திவிடுவார். போதாக்குறைக்கு, நல்ல புது மருந்தை அவசியத்துக்கு மட்டும் எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் பூட்டி வைப்பார்கள். 2018-ல் நோவார்ட்டிஸ் கம்பெனி இந்த ஆராய்ச்சியைக் கைவிட்டது. அமெரிக்காவில் அக்காவோஜென் என்ற சிறிய கம்பெனி, 2018-ல் ஒரு புது மருந்துக்கு அனுமதி பெற்றது, 2019-ல் திவாலாயிற்று. உயிர் காக்கும் மருந்து இருந்தது; லாபம் இல்லை. ஆகவே கடை மூடப்பட்டது.

நம் நாடு வேறு வழியையும் கண்டிருந்தது. 1954-ல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொடங்கப்பட்டது. 1961-ல் ஐ.டி.பி.எல். உருவாகி, சோவியத் உதவியோடு ரிஷிகேஷில் கிருமிக்கொல்லி மருந்து ஆலை எழுந்தது. பொதுத்துறை பென்சிலின் சாதாரண மக்களின் கைக்கு எட்டியது. அந்த ஆலைகளை நலியவிட்டு, 2016 டிசம்பரில் ஐ.டி.பி.எல்.லை மூடவும் பிம்ப்ரி ஆலையை விற்கவும் மத்திய மந்திரிசபை முடிவு செய்தது.

என்ன வேண்டும்?

இரண்டு மாத்திரை வாங்குகிறவர் ஏன் இரண்டு வாங்குகிறார்? பையில் இரண்டுக்குத்தான் காசு இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது. இதை மாற்றாமல் உபதேசம் செய்து என்ன பயன்? ஆகவே நாம் கேட்பவை இவை:

1. வார்டு தோறும் ஓடும் தண்ணீர், சோப்பு, போதிய படுக்கை, போதிய நர்ஸுகள் வேண்டும். துப்புரவுத் தொழிலாளிக்குக் காண்டிராக்ட் முறை நீங்கி, நிரந்தர வேலையும் பயிற்சியும் வேண்டும்.

2. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனைக்கூடம் ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் வேண்டும். தொற்றுக் கணக்கை ஆஸ்பத்திரிகள், தனியார் ஆஸ்பத்திரி உட்பட, பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

3. முக்கியமான கிருமிக்கொல்லிகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2014 மார்ச் முதல் விதி அமலுக்கு வந்தது. அதைக் காகிதத்தில் விடாமல் கடையில் அமல் செய்ய வேண்டும். கேரளம் 2024-ல் இதற்கெனக் கடைகளில் சோதனை நடத்தியது. மற்ற ராஜ்யங்களுக்கு என்ன தடை?

4. ஆலைக் கழிவில் மருந்துக்கு வரம்பு கட்ட வேண்டும். பொதுத்துறை மருந்து உற்பத்தியைப் புதுப்பிக்க வேண்டும். மருந்தை மொத்தமாக வாங்கி ஆஸ்பத்திரிகளுக்கு வழங்கத் தமிழ்நாடு 1994-ல் அமைத்த கார்ப்பரேஷன், சர்க்கார் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு உதாரணம்.

5. நோயுற்ற நாளுக்குக் கூலி வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கும் வேண்டும்.

நம் பங்கும் உண்டு. ஜலதோஷத்துக்கும் சாதாரண சளிக்கும் இந்த மருந்து பயன்படாது, கேட்டு வாங்காதீர்கள். டாக்டர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாள் சாப்பிடுங்கள். மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள். நோயாளியைத் தொடுமுன் கை கழுவுங்கள். வார்டில் டாக்டரும் கழுவுகிறாரா என்று மரியாதையாகக் கேளுங்கள். 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் மருத்துவர்களைக் கை கழுவ வைத்ததும், பிரசவ வார்டில் 100-க்கு 18-ஆக இருந்த சாவு சில மாதங்களில் 2-க்கு இறங்கியது. கேட்பதில் வெட்கம் என்ன?

கிருமி ஏழை, பணக்காரன் என்று பார்ப்பதில்லை. ஆனால் நெரிசலான வார்டும், தண்ணீர் வராத குழாயும், வாங்க முடியாத ஊசியும் ஏழைக்கே விதிக்கப்பட்டிருக்கின்றன. விதித்தவர்கள் மனிதர்கள், ஆகவே மாற்றவும் மனிதர்களால் முடியும். சங்கக் கூட்டங்களில் கூலி, போனஸ் கோரிக்கைகளோடு ஆஸ்பத்திரிக் குழாயைப் பற்றியும் பேசுங்கள். உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டமாகப் போய்ப் பாருங்கள். கண்டதை எழுதிக் கலெக்டரிடம் மனுவாகக் கொடுங்கள். சுத்தமான படுக்கை தர்மம் அல்ல, உழைப்பவரின் உரிமை!